தகப்பன்சாமி ஏன் காதுல சொன்னான்?

ஓம் சரவணபவ.

 வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

எனக்கு 68 வயசு. மகன், மருமகள், நாலாவது படிக்கிற பேத்தியோட சென்னையில ஆதம்பாக்கத்துல இருக்கேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகதான் இதை டைப் பண்றா. இன்னைக்கு உங்களுக்குச் சுவாமிமலையைப் பத்திச் சொல்லணும். ஆனா அந்த மலை ஏறறதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லியாகணும். அதைச் சொல்லாம அந்தக் கதையைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல.

முதல்ல என் ஊர் சுத்தற கதை.

எங்க வீட்டுக்காரர் போன பிறகு வீட்டுக்குள்ளயே உட்கார்ந்தா மனசு கெட்டுப்போகும்னு நானே ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். செவ்வாய்க்கிழமை வடபழனி. சஷ்டி வந்தா எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சு, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, கந்தகோட்டம். வள்ளலார் தெய்வமணிமாலை பாடின சந்நிதி அது. கிருத்திகைக்கு முடிஞ்சா குன்றத்தூர் மலை, சேக்கிழார் பிறந்த ஊரு. முட்டி வலி ஜாஸ்தியா இருந்தா பெசன்ட் நகர் அறுபடை வீடு, கடற்கரைப் பக்கமா ஆறு வீட்டு முருகனையும் ஒரே இடத்துல பார்த்துட்டு வந்துடலாம். 2021ல இருந்து சாதாரண கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதே, கேக்கணுமா! கையில ஒரு துணிப்பை, அதுல தண்ணி பாட்டில், ரெண்டு பிஸ்கட், அர்ச்சனைக்குச் சில்லறை. கிளம்பிடுவேன்.

அதுல வடபழனிதான் எனக்கு உசுரு. அண்ணாசாமி நாயகர் ஒரு ஓலைக் கொட்டகையில பழனியாண்டவர் படத்தை வெச்சுக் கும்பிட்ட இடம், இன்னைக்கு இவ்ளோ பெரிய கோயில். அங்க மூலவர் காலைப் பார்த்திருக்கீங்களா? பாதரட்சை போட்டுக்கிட்டு நிப்பாரு. செருப்பு போட்ட சாமி! பெரியவங்க அதுக்குப் பல விளக்கம் சொல்வாங்க. எனக்குத் தோணறது ஒண்ணுதான். வீட்டுக்குள்ள இருக்கிறவன் செருப்பு போட மாட்டான். கிளம்பத் தயாரா இருக்கிறவன்தான் போடுவான். யாராவது கூப்பிட்டா உடனே வர்றதுக்காக அவன் செருப்பைக் கழட்டறதே இல்ல. இதை நினைச்சுக்கிட்டுதான் ஒவ்வொரு செவ்வாயும் நானும் என் செருப்பை மாட்டுவேன்.

சரி, இப்ப அந்தச் செவ்வாய்க்கிழமை.

சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்பினேன். பரங்கிமலையில மெட்ரோ ஏறினா ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், அடுத்தது வடபழனி. நாலாவது ஸ்டேஷன். எத்தனையோ தடவை போன வழி. நல்ல தரிசனம். கொஞ்ச நேரம் பிராகாரத்துல உட்கார்ந்து சஷ்டி கவசம் சொன்னேன். போனை சைலன்ட்ல போட்டுப் பைக்குள்ள வெச்சிருந்தேன். ஏழு மணிக்குத் திரும்ப ஸ்டேஷன் வந்து ட்ரெயின் ஏறினேன்.

உட்கார இடம் கிடைச்சுது. கண்ணை மூடி வேல் மாறல் மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தா வெளிய ஒரே இருட்டு. எங்க வீட்டுப் பக்கம் ட்ரெயின் பாலத்து மேலதான் போகும். கட்டிட லைட் எல்லாம் தெரியும். இது பூமிக்குள்ள போய்க்கிட்டிருக்கு! ஒரு நிமிஷம் எனக்கு நான் எங்க இருக்கேன், எங்க போகணும்னே தெரியல. நெஞ்சு பட படன்னு அடிச்சுது. வடபழனியில எதிர்ப் பக்க பிளாட்பாரத்துல ஏறிட்டேன்னு புரியறதுக்குள்ள ட்ரெயின் சென்ட்ரல் போய் நின்னுடுச்சு.

எல்லாரும் இறங்கினாங்க. நானும் இறங்கினேன். கூட்டம் போன பக்கம் போனேன். எஸ்கலேட்டர் ஏறினேன். எவ்ளோ பெரிய ஸ்டேஷன் அது! எல்லாப் பக்கமும் அம்புக்குறி, எல்லாப் பக்கமும் ஆளுங்க ஓடறாங்க. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எவ்ளோ நேரம் நின்னேன்னு சத்தியமா தெரியாது.

காதுல ஹெட்போன் மாட்டின ஒரு காலேஜ் பையன் என்னைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தான். "பாட்டி, எங்க போகணும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு வழி தெரியும்பா, நீ போ."

அந்தப் புள்ள போகல. ஹெட்போனைக் கழட்டிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னான். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி வந்து, மெதுவா, "நானும் அந்தப் பக்கம்தான் போறேன், சேர்ந்து போலாமா பாட்டி?"ன்னான். எந்தப் பக்கம்னு நான் சொல்லவே இல்லையே! அப்புறம்தான் "பரங்கிமலை"ன்னு சொன்னேன். சுவத்துல இருந்த படத்தைக் காட்டி, "பாருங்க, நீங்க இந்தப் பச்சைக் கோடு. எங்கயும் மாற வேணாம். கடைசி வரைக்கும் உட்கார்ந்தே போலாம்"னு சொல்லி பிளாட்பாரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். ட்ரெயின் வர்றதுக்கு முன்னாடி, "வீட்டுக்கு ஒரு போன் பண்ணிடுங்க"ன்னான்.

ஔவைப் பாட்டி நாவல் மரத்தடியில களைச்சுப்போய் உட்கார்ந்த கதை உங்களுக்குத் தெரியும். மரத்து மேல மாடு மேய்க்கிற சின்னப் பையன். சுட்ட பழமா, சுடாத பழமான்னு கேட்டு, மண்ணுல விழுந்த பழத்தை அவங்க ஊதும்போது, "பழம் சுடுதா பாட்டி?"ன்னு சிரிச்சானே, அந்த முருகன். ஔவை பெரிய மனுஷி. ஒரு பையன்கிட்ட தோத்தோம்னு தெரிஞ்ச உடனே, "நீ யாருப்பா, எனக்குச் சொல்லிக்கொடு"ன்னு பணிஞ்சாங்க. எனக்கு அந்தப் பணிவு வரல. பையன் முகத்துல முருகனைப் பார்க்க வேண்டிய நேரத்துல, என் மானத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

போனை எடுத்தா 17 மிஸ்டு கால்.

மருமகளுக்குப் போன் போட்டேன். "அத்தை, எங்க இருக்கீங்க?"ன்னா. குரல் நடுங்குது. நான் சொன்னேன்: "கோயில்ல கியூல நிக்கிறேன்மா. ஒரே கூட்டம். கொஞ்சம் லேட்டாகும்."

வாயில சஷ்டி கவசம் சொல்லிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகல. அதே வாயில பொய்.

ஏன் சொன்னேன்? வழி தவறிட்டேன்னு சொன்னா, இனிமே தனியா விட மாட்டாங்களேங்கிற பயம். அதுக்கும் கீழ இன்னொரு பயம் இருந்துச்சு. எங்க அம்மாவுக்குக் கடைசி காலத்துல மறதி வந்துச்சு. என்னையே யாருன்னு கேட்டாங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் நான் அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்து, பாத்திரம் கருகி, யாருக்கும் தெரியாம தேய்ச்சு வெச்சேன். எனக்கும் அது வந்துடுச்சோ? இதை யார்கிட்டயும் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. முருகன்கிட்டகூடச் சொல்லல. சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்.

ஒன்பது மணிக்கு வீடு வந்துட்டேன். மகன் வரல. ஒன்பதே முக்காலுக்கு வந்தான். சட்டை எல்லாம் வேர்வை. நான் போன் எடுக்கலைன்னதும் ஆபீஸ்ல இருந்து நேரா வடபழனிக்குப் போயிருக்கான். நான் கியூல நிக்கிறதா சொன்னதை நம்பி, கியூ முழுக்கத் தேடியிருக்கான். கோயில் நடை சாத்தற வரைக்கும் தேடியிருக்கான்.

"எங்கம்மா போயிருந்த?"

"கோயில்லதான் இருந்தேன். நீ சரியா பார்த்திருக்க மாட்ட."

அவ்ளோதான். வெடிச்சுட்டான். கதவு திறந்திருக்கு. எதிர் வீட்டுக்காரங்க, மாடிப்படியில நின்ன வாட்ச்மேன், எல்லாருக்கும் கேக்குது. "அறிவிருக்கா உனக்கு? வயசானா வீட்ல இருக்க வேண்டியதுதானே! எத்தனை பேர் உயிரை வாங்குவ? இனிமே தனியா இந்த வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்!" பேத்தி அவ அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறா.

ஒன்பது நாள் நானும் அவனும் பேசல. ஒரு செவ்வாய்க்கிழமை வந்துட்டுப் போச்சு. என் செருப்பு வாசல்ல அப்படியே கெடந்துச்சு. நான் பூஜை அறையில உட்கார்ந்து முருகன்கிட்ட புகார் மேல புகார்: "பெத்த புள்ள ஊர் கேக்கக் கத்தறான், பார்த்துக்கிட்டா இருக்க?" என் பொய்யைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லல.

ஒன்பதாம் நாள் ராத்திரி பேத்தி கதை கேட்டா. சுவாமிமலைக் கதை சொன்னேன்.

உங்களுக்கும் சுருக்கமா சொல்றேன். கயிலாயத்துக்கு வந்த பிரம்மா, சின்னப் புள்ளைதானேன்னு முருகனைக் கண்டுக்காமப் போனாரு. முருகன் கூப்பிட்டுப் பிரணவத்துக்குப் பொருள் கேட்டான். பிரம்மாவுக்குச் சொல்லத் தெரியல. தலையில குட்டிச் சிறையில போட்டான். சிவபெருமான் வந்து பிரம்மாவை விடச் சொல்லி, "அப்படின்னா உனக்குப் பொருள் தெரியுமா?"ன்னு கேட்டாரு. "தெரியும். ஆனா கேக்கிறவர் சிஷ்யன் மாதிரி கேக்கணும்"னான் புள்ள. அப்பா கை கட்டி, வாய் பொத்தி நின்னாரு. புள்ள அவர் காதுல சொன்னான். அப்பனுக்கே குருவானதால அவன் சுவாமிநாதன், தகப்பன்சாமி.

கும்பகோணம் பக்கத்துல இருக்கிற அந்தக் கோயிலுக்குப் போனவங்க கவனிச்சிருப்பீங்க. அது கட்டுமலை. 60 தமிழ் வருஷத்துக்கு 60 படி. கீழ மீனாட்சி சுந்தரேஸ்வரர் சந்நிதி, மேல புள்ள. அப்பா அம்மா கீழ, மகன் மேல!

கதை முடிஞ்சதும் பேத்தி கேட்டா: "பாட்டி, ஏன் காதுல சொன்னாரு? சத்தமா சொல்லிருந்தா எல்லாரும் கத்துக்கிட்டிருக்கலாம்ல?"

"அது மந்திர உபதேசம்டா கண்ணு, ரகசியமாத்தான் சொல்லணும்"னு எப்பவும் சொல்றதைச் சொன்னேன். அவ தூங்கிட்டா. எனக்குத் தூக்கம் வரல.

பிரம்மாவை முருகன் எல்லார் முன்னாடியும் குட்டினான். ஆனா அப்பாகிட்ட வரும்போது குரலைத் தாழ்த்திட்டான். காதுகிட்ட வந்துட்டான். உபதேசம் ரகசியம்ங்கிறது பெரியவங்க சொல்ற காரணம், அது சரிதான். எனக்கு அன்னைக்கு ராத்திரி இன்னொரு காரணமும் தெரிஞ்சுது. அப்பாவுக்குத் தெரியாததைப் புள்ள சொல்றான்னா, அது அவங்க ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கணும். ஊர் முன்னாடி சொன்னா அப்பா தலை குனியும். காதுல சொன்னா அப்பா மனசு குளிரும். விஷயம் ஒண்ணுதான். சொல்ற தூரம்தான் வேற.

'பார்த்தியா, என் மகன் காதுல சொல்லலையே'ன்னு மனசு உடனே சந்தோஷப்பட்டுச்சு. அப்பதான் கதையோட மறுபாதி என்னை அடிச்சுது. மகன் காதுல சொல்லணும்னா, அப்பா காதைக் கொடுக்கணுமே! சிவபெருமான் உலகத்துக்கே அப்பன். அவரே வாயைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சாரு. நான் வாயைப் பொத்தினேனா? அந்த வாயில பொய்தான் வந்துச்சு. "நீ சரியா பார்த்திருக்க மாட்ட"ன்னு தேடி அலைஞ்ச புள்ளை மேலயே பழியைப் போட்டுச்சு. உண்மையைச் சொல்லியிருந்தா அவன் பரங்கிமலை ஸ்டேஷன்ல வந்து நின்னிருப்பான். கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பான். கத்தின சத்தத்துக்கு விறகு எடுத்துக் கொடுத்தது நான்.

எழுந்து போனேன். மகன் ஹால்ல நாற்காலியில உட்கார்ந்து லேப்டாப் பார்த்துக்கிட்டிருந்தான். நான் அவன் பக்கத்துல தரையில உட்கார்ந்தேன். முட்டி வலிக்குமேன்னு அவன் எழுந்திரிக்கப் பார்த்தான். "நீ உட்காருப்பா"ன்னேன்.

எல்லாத்தையும் சொன்னேன். சென்ட்ரல், தூணு, அந்தப் பையன், போன்ல சொன்ன பொய், கருகின பாத்திரம், எங்க அம்மாவோட மறதி. "எனக்குப் பயமா இருக்குடா"ன்னேன். அந்த வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள பாதி உசுரு போச்சு.

ரொம்ப நேரம் அவன் ஒண்ணும் பேசல. அப்புறம் அவனும் தரையில இறங்கி உட்கார்ந்தான். என் காதுகிட்ட வந்து, பேத்தி முழிச்சுக்கக் கூடாதுன்னோ என்னவோ, ரொம்ப மெதுவா சொன்னான்: "அன்னைக்கு ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாம் உன் போட்டோவைக் காட்டினேன்மா. பூக்காரம்மாகிட்ட காட்டினேன். எல்லாரும் பார்க்கலைன்னு சொல்லச் சொல்ல, அப்பா போன அன்னைக்கு வந்த மாதிரி வயித்தைப் பிசைஞ்சுது. அதான் கத்திட்டேன்."

இவ்ளோதான் விஷயம். அன்னைக்கு அவன் கத்தினதுக்கும் இதுதான் அர்த்தம். சத்தமா வந்ததால எனக்குக் கேக்கல.

அடுத்த வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். ரத்தம் எடுத்தாங்க, கேள்வி கேட்டாங்க, கடிகாரம் வரையச் சொன்னாங்க. பி12 சத்து ரொம்பக் குறைவா இருக்கு, அதனாலயும் மறதி வரலாம்னு சொல்லி ஊசி போட்டிருக்காரு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்காரு. அது மட்டும்தானா, வேற ஏதாவதான்னு அப்பதான் தெரியும். முருகன் அற்புதம் பண்ணி எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லிப் பதிவை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். பயம் இருக்கு. ஆனா அதை நான் தனியா தூக்கல. எனக்குக் கிடைச்ச அற்புதம் அதுதான்.

இப்ப செவ்வாய்க்கிழமை மறுபடி கிளம்பறேன். மகன் தடுக்கல. ஆனா வெறுங்கையோட அனுப்பறதும் இல்ல. பைக்குள்ள பேரு, அட்ரஸ், போன் நம்பர் எழுதின அட்டை. நான் எங்க இருக்கேன்னு அவன் போன்ல தெரியற மாதிரி ஏதோ போட்டுக் கொடுத்திருக்கான். கோயிலை விட்டு வெளிய வந்ததும் சைலன்ட்டை எடுக்கணும், ட்ரெயின் ஏறினதும் ஒரு மெசேஜ். பிளாட்பாரத்துல போர்டைப் பார்த்து ஸ்டேஷன் பேரை வாய் விட்டுப் படிச்சுட்டுத்தான் ஏறணும், இது பேத்தி போட்ட சட்டம்.

முட்டிக்காக ஒரு கைத்தடியும் வாங்கி வந்தான். எனக்கு அது மட்டும் புடிக்கல. கெழவி மாதிரி இருக்கும்னேன். பேத்தி சொல்றா: "பழனி முருகனே கையில கோல் வெச்சிருக்காரு. அவருக்கு என்ன வயசாயிடுச்சா பாட்டி?"

தண்டாயுதபாணி! இத்தனை வருஷம் கும்பிட்டேன், இது தோணலையே எனக்கு.

பிள்ளைங்களா, இப்ப உங்ககிட்ட வர்றேன்.

சிக்கல்ல அம்மா வேல்நெடுங்கண்ணிகிட்ட முருகன் வேல் வாங்கினான். சூரன்கிட்ட சண்டைக்குப் போற புள்ளைய, பயமா இருக்கு, வீட்லயே இருன்னு அவங்க பூட்டி வைக்கல. கையில வேலைக் கொடுத்து அனுப்பினாங்க. இப்ப காலம் மாறி, உங்க அம்மாவும் பாட்டியும் உங்க கையில இருந்து வேல் வாங்கற வயசுக்கு வந்தாச்சு. வெளிய போகாதேன்னு சொல்றது சுலபம். போன் சார்ஜ் போட்டுக் கொடுங்க. வழியை ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லிக் கொடுங்க. அட்டை எழுதிப் பையில வைங்க. அதுதான் வேல்.

அவங்க தப்பு பண்ணுவாங்க. பொய்கூடச் சொல்லுவாங்க, நான் சொன்ன மாதிரி. யாரோ அனுப்பின லிங்க்கைத் தொட்டுடுவாங்க, மாத்திரையை மறப்பாங்க, சொன்னதையே திரும்பச் சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாது. நீங்கதான் சுவாமிநாதன், சொல்லித்தான் ஆகணும். சொல்லுங்க. ஆனா ஹால்ல நின்னு சொல்லாதீங்க. பக்கத்துல போய், காதுல சொல்லுங்க. கோபத்துக்குப் பின்னாடி பயம் இருந்தா, பயத்தை முதல்ல சொல்லுங்க.

என் வயசுக்காரங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கு ஒரே வார்த்தை: காதைக் கொடுங்க. சிவபெருமானே கொடுத்தாரு.

மெட்ரோவுல, பஸ் ஸ்டாண்டுல தூணைப் புடிச்சுக்கிட்டு ஒரு பாட்டி நின்னா, "எனக்கு வழி தெரியும், நீ போ"ன்னு சொன்னாலும், ரெண்டு நிமிஷம் தள்ளி நின்னு மறுபடி கேளுங்க. அந்தப் பையன் பேரைக்கூட நான் கேட்டுக்கலை. ஒவ்வொரு செவ்வாயும் வடபழனியில ஒரு அர்ச்சனை அவனுக்கும் சேர்த்துப் பண்றேன். பேரு கேக்கிற குருக்கள்கிட்ட, "சுவாமி பேருக்கே பண்ணுங்க"ன்னு சொல்லிடறேன்.

இதைப் படிச்சு முடிச்சதும் குரூப்புல பகிர்றதுக்கு முன்னாடி, அடுத்த ரூம்ல இருக்கிற அம்மா பக்கத்துல ஒரு அஞ்சு நிமிஷம் போய் உட்காருங்க. ஊர்ல இருந்தா ஒரு போன் போடுங்க. அப்புறம் பகிரலாம், முருகன் கோவிச்சுக்க மாட்டான்.

எல்லாரும் நல்லா இருக்கணும். போன இடத்துல இருந்து பத்திரமா வீடு வந்து சேரணும்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!